ஒரே தாம்பாளம்

"ஆண்டவரே, சகோதரன் செம்மலுக்குள் இருக்கிற பெருமையை உடைத்துப் போடும்!"

பிராங்க்ளின் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தான். சுற்றி இருந்தவர்கள் "ஆமென்" என்றார்கள். செம்மலும் சேர்ந்து "ஆமென்" என்றான். வேறென்ன செய்வான், பாவம்.

ஒருவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசினால் அது புறங்கூறுதல். அதையே அவர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னால் ஜெபம். கறம்பக்குடியை ஒட்டிய அந்த மிஷனரிப் பயிற்சிப் பள்ளியில் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. எல்லாரும் தாங்களாகவே தேறிவிட்டார்கள்.

அங்கே எல்லாம் பொது. சோப்பு பொது, வாளி பொது, கொசுவலையும் பொது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டுகூடக் கிடையாது, ஐந்து பேருக்கு ஒரு தாம்பாளம். சோற்றைக் கொட்டி, கோழிக்குழம்பை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைக்க வேண்டும். அன்று ராத்திரி உபவாசம் என்பதால் அடுத்த சாப்பாடு திங்கட்கிழமை காலைக் கஞ்சிதான். ஒரே தாம்பாளத்தில் ஐந்து கைகள் இருக்கும் போட்டோவைப் பள்ளிக் காலண்டரில் வேறு போட்டிருந்தார்கள்.

செம்மல் மட்டும் இதில் சேர மாட்டான். டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவான்.

அன்றும் ஞாயிறு. ஜெபம் முடிந்ததும் பிரின்சிபால் குழந்தைசாமி ஐயா அவனைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எதையும் ஜெபத்தில் கேட்டுவிட்டால் அப்படியே நம்பிவிடுவார்.

"தம்பி, அடுத்த மாசம் ஒடிசாவுக்குப் போற டீம்ல ஒங்க பேரு இருக்கு. அங்க மலை சனங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். இங்க நம்ம புள்ளைகளோடயே உக்கார முடியலைன்னா எப்புடி?"

"முடியாதுன்னு இல்லைங்கய்யா..."

"பெறகு என்ன? எம்.எஸ்சி. படிச்ச திமிரா?"

செம்மல் திருப்பூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டாரோடு சண்டை போட்டு ஊழியத்துக்கு வந்தவன். திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு போய் நிற்பான்?

"இன்னைக்கு நீங்க தாம்பாளத்துல உக்காரணும். இல்லைன்னா நாளைக்குப் பெட்டியக் கட்டிக்கங்க."

"இன்னைக்கு வேணாங்கய்யா. அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

பக்கத்திலேயே நின்ற பிராங்க்ளின் பாய்ந்தான். "பாத்தீங்களாய்யா! நாங்க எந்திரிச்ச பெறகுதான் இவரு வருவாராம்!"

ஐயா செம்மலைக் கையைப் பிடித்துச் சாப்பாட்டு ஹாலுக்கே கூட்டிப்போனார். பிராங்க்ளின், அருண்குமார், இன்னும் இரண்டு பேர். ஐந்தாவதாக செம்மல். ஐயாவே நின்று ஜெபம் சொன்னார்.

"மொதல்ல நீங்க கை வைங்க தம்பி."

செம்மல் கை வைத்தான்.

அருண்குமார் எழுந்தான். "ஐயா, மோட்டாரை நிப்பாட்டாம வந்துட்டேன். டேங்க் வழிஞ்சிரும்." போனவன் போனவன்தான்.

அடுத்தவன் வயிற்றைத் தடவினான். "காலையில இருந்து பொருமிக்கிட்டே இருக்குங்கய்யா." காலையில் அவன் இட்லிக்கு மேல் இட்லி கேட்டு வாங்கியதை ஐயாவே பார்த்திருந்தார்.

மூன்றாமவனை அந்த நிமிஷமே உபவாசம் இருக்கச் சொல்லி ஆவியானவர் ஏவினாராம். கோழிக்குழம்பு மணத்தையும் மீறி ஏவினார் என்றால் அது பெரிய ஏவுதல்தான்.

மிஞ்சியது பிராங்க்ளின். கை இன்னும் மடியிலேயே இருந்தது.

"நீங்க ஏன் பிரதர் சாப்பிடல?"

"பல்லு வலிங்கய்யா. மெல்ல முடியல."

எலும்பைக்கூட மிச்சம் வைக்காத பல் அது. அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. சோற்றைத் தொடாத கையைக் குழாயடியில் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐந்து பேர் சோற்றுக்கு முன்னால் செம்மல் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

குழந்தைசாமி ஐயா குழாயடியைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"எப்ப இருந்து தம்பி இப்புடி?"

"வந்த மொத ஞாயித்துக்கெழமை எந்த ஊருன்னு கேட்டாங்க. குன்றாண்டார்கோவில் பக்கம்னேன். ஊருல எந்தத் தெருன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். அன்னைக்கும் இப்புடித்தாங்கய்யா, ஆளாளுக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"அத எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? பெருமை புடிச்சவன்னு பேரு வாங்கிக்கிட்டு, தனியா எதுக்குய்யா உக்காந்தீங்க?"

செம்மல் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"நான் கை வச்சா அவங்க நாலு பேரும் விடியிற வரைக்கும் பட்டினிங்கய்யா. அதான்."