மாடிக்கு எட்டாத சிக்னல்

"பாப்பா, இப்ப வருதா?"

கீழே ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். டிவி பக்கத்து பிளக்கில் புது எக்ஸ்டெண்டர். ரவுட்டரிடம் வைஃபை சிக்னலை வாங்கி மாடிக்குத் தள்ளிவிடும் சின்ன வெள்ளைப் பெட்டி.

"இல்லப்பா. சுத்திக்கிட்டேதான் இருக்கு." மாடி அறையிலிருந்து மகள் பதில் சொன்னாள்.

மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். ஊர் ஊராய்ப் போய்வந்தவருக்கு இப்போது வாசலைத் தாண்டப் பிடிக்கவில்லை. உள்ளே இருக்கவும் பிடிக்கவில்லை. சமைத்தால் ஒரு வாய்க்குத்தான் சமைக்க வேண்டும், அதுவே மிஞ்சிப் போகிறது.

போனில் பேசும்போதெல்லாம் மகள் சொல்வாள்: "என் வேலையே லேப்டாப்லதானேப்பா. மாடி ரூம்ல மட்டும் சிக்னல் வரட்டும், மறுநாளே அங்க வந்து இருந்துடறேன்."

அதை நம்பி மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். ஜன்னலோரம் மேசை போட்டார். பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டு, "நீயே வந்து மாட்டிக் குடும்மா" என்று அவளை வரவழைத்தார்.

காலையில் வந்தவள் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, பாஸ்வேர்டு போட்டு இரண்டையும் இணைத்தாள். பச்சை விளக்கும் எரிந்தது. மாடியில்தான் தகராறு.

"டிவி பக்கத்துல இருக்கறதால இழுத்துக்குதோ?" அப்பா டிவி பிளக்கைப் பிடுங்கினார். "இப்ப?"

"இல்லப்பா."

சமையலறை வாசலுக்கு மாற்றினார்.

"ம்ஹூம்."

கடைசியில் படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த பிளக்கில் செருகினார். பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடியேறினார்.

"இப்ப கண்டிப்பா வரும். நல்லாப் பாரு பாப்பா."

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "வரலப்பா. பழைய காலத்து வீடு, சுவர் தடிமன். எப்படி வரும்?"

"சுவரை வேணா இடிச்சிடலாமா?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் கீழேயே இருந்துக்குவேன் பாப்பா. நீ கூப்பிடாம மேல வரவே மாட்டேன். சாப்பாட்டைக்கூட படியில வச்சிட்டுப் போயிடறேன்."

"அதுக்கும் சிக்னலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" அவள் லேப்டாப்பை மூடினாள்.

அவர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா. சுவர் தடிமன்தான்," என்றார்.

சாயங்காலம் அவள் பையை அவரே தூக்கிவந்து காரில் வைத்தார். "சிக்னலை நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்காத. போனதும் ஒரு போன் பண்ணு."

கார் திரும்பிய பிறகும் வாசலிலேயே நின்றார். அந்த வழியாக வந்த தெருமுனை எலக்ட்ரீஷியன் பைக்கை நிறுத்தினான்.

"என்னண்ணே, பொண்ணு தங்கலையா?"

"கிளம்பிட்டா. மாடியில சிக்னல் வரலையாம்."

"வரலையா? நேத்து அந்தப் படிக்கட்டு பிளக்ல நான் மாட்டி, மாடி ரூம்ல உட்கார்ந்து ரெண்டு பேரும் படமே பார்த்தோமே! எங்கயாவது நின்னுச்சா? அவ கையால மாட்டட்டும்னு நீங்கதானே திரும்ப டப்பாவுல போடச் சொன்னீங்க?"

அப்பா கேட்டைச் சாத்தினார்.

"நமக்கு வந்துச்சுப்பா. அவளுக்குத்தான் வரலையாம்."