மஞ்சள் விளக்கு அணையட்டும்

சென்சார் அசையவில்லை.

ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய காரின் அடியில் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். முகத்துக்கு நேர் மேலே புகைக்குழாய். அதில் திருகி வைத்த, கட்டைவிரல் அளவு உலோகம்.

தூத்துக்குடிக் காற்று. உப்பு அதைக் குழாயோடு சேர்த்து இறுக்கி வைத்திருந்தது.

மறுபடி ஸ்பானரைப் போட்டு இழுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே, உள்ளே தகடு வைத்த இடத்தில், சுருக்கென்றது.

விட்டுவிட்டாள்.

அந்தத் தகடு இந்தக் காரால் வந்தது. வல்லநாட்டுப் பக்கம் ஒரு ஆடு குறுக்கே ஓடி வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் சாலையின் நடுச்சுவரில் ஏறி நின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடைந்த கை கூடிவிட்டது. ஆனால் கார் சாவி அவளுடைய கணவன் அமலதாஸின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

கேட்காமல் இல்லை. கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று இருக்கும். டயர் தேய்ந்திருக்கிறது. மழை வரும்போல இருக்கிறது. பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது.

அவள் பிசியோதெரபிஸ்ட். புது வேலை ஒன்று கிடைத்திருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எல்லாம் பஸ் போகாத ஊர்கள். திங்கட்கிழமை சேரவேண்டும்.

போகாதே என்று அமலதாஸ் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை.

"வண்டியில மஞ்ச லைட்டு எரியுதுல்லா? அது அணையட்டும், பாக்கலாம்" என்றான்.

சரி என்றாள்.

கூட வேலை பார்த்தவளிடம் காரின் பழுதைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. வாங்கிவந்து காரில் செருகினாள். ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது. அதைப் பற்றித் தேடிப் படித்தாள். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்வது அதன் வேலை. அது சொல்வதைக் கேட்டுத்தான் கார் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். அது கெட்டுப்போனால் கார் கண்டபடி குடிக்கும், கரியாகக் கக்கும்.

ஒயரைப் பார்த்தாள். எலி கடிக்கவில்லை. இணைப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். விளக்கு அணையவில்லை.

புதுசே வாங்கிவிட்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அமலதாஸின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"வரலையோ?"

"உப்பு புடிச்சிருக்கு. எஞ்சின கொஞ்சம் ஓட விட்டா சூட்டுல எளகும்" என்றாள். "சாவி ஒங்ககிட்டதான் இருக்கு."

அவள் வெளியே வந்தாள். அவன் ஏறி எஞ்சினைப் போட்டான். குழாய் சூடானதும் அணைத்தான்.

மறுபடி அடியில் போனாள். துரு இளக்கும் எண்ணெயை மரையில் பீய்ச்சினாள். சூட்டில் அது புகைந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு இழுத்தாள்.

வலியில் சின்னதாக ஒரு சத்தம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொள்வதற்குள் அவனுக்குக் கேட்டுவிட்டது.

கால்கள் மடங்கின. முழங்கால் தரையில் ஊன்றியது. பிறகு பனியன். பிறகு முகம்.

"தள்ளிப் படு ஜெனோவா."

காருக்கு அடியில் அவன் இதுவரை படுத்ததே இல்லை. ஸ்பானரில் இருந்த அவள் கையின் மேல் தன் கையை வைத்தான்.

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

இழுத்தார்கள். வரவில்லை.

அவன் கையை எடுத்திருக்கலாம். மெக்கானிக் வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் என்றால் திங்கட்கிழமை போய்விடும். அது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

பக்கத்தில் அவன் மூச்சு கேட்டது. சூட்டில் குழாய் டிக் டிக் என்றது.

அவன் பக்கத்துச் சுவரில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டான்.

"ம். இழு."

டக்.

இரண்டு பேர் முகத்திலும் துரு உதிர்ந்தது. அவன் தும்மினான். தலை எஞ்சினில் இடித்தது. அவள் சிரித்துவிட்டாள்.

கழன்று வந்ததன் நுனி கரி பிடித்துக் கிடந்தது. அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இம்புட்டுக்காண்டு சாமானா இம்புட்டுப் பாடு படுத்துச்சு?"

புதியதை அவள் விரலாலேயே பூட்டினாள். நுனியில் எண்ணெய்க் கை படாமல், மரையில் நேராக. வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் மட்டும் ஸ்பானர்.

காரை இறக்கினார்கள். கருவியைச் செருகிப் பழைய பழுதுக் குறிப்பை அழித்தாள்.

அவன் காரிலேயே விட்டிருந்த சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் ஒரு முறை எரிந்தன. எஞ்சின் பிடித்தது. ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சளும் அணைந்தது.

அவன் சுற்றி வந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டான்.

தெரு முனை. பெரிய சாலை. பிறகு உப்பளங்கள், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று. கார் இழுக்காமல் திணறாமல் போனது. அவள் கையும் வலிக்கவில்லை. அவன் கதவுக்கு மேலே இருந்த பிடியை விடவில்லை. வேகத்தடை வரும்போதெல்லாம் அவன் பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தது.

பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினாள்.

ஒரு டீக்கடை வந்தது.

"ஓரமா நிப்பாட்டு."

நிறுத்தினாள்.

அவன் இறங்கினான். கதவைச் சாத்தினான். ஜன்னலில் குனிந்தான்.

"ஒரு சுத்து போயிட்டு வா. நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்."

கிளட்சை மெதுவாக விட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தாள். சாலையோரத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள்.

இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.