துணிக்குள் பார்க்கும் கேமரா

"டேய் கலையரசா! அந்தக் கேமராவ அந்தாண்ட திருப்பு. துணிக்குள்ள இருக்கிறதெல்லாம் அதுல தெரியுதாமே!"

ஜெயம்மாள் போட்ட சத்தத்தில் வடக்கனந்தல் கல்யாண மண்டபமே திரும்பிப் பார்த்தது. வீடியோ எடுக்க வந்த கலையரசன் கேமராவைச் சட்டென்று கீழே இறக்கினான்.

"ஐயோ அத்தை, இது இருட்டுல படம் புடிக்கிற கேமரா, அவ்ளோதான். வந்ததுலருந்து என் லைட்டையும் காணல, சார்ஜரையும் காணல. தெருவுல பொண்ணழைப்பு வர்றப்ப கும்மிருட்டு. அதான் இத எடுத்தேன்."

"ஊரே சொல்லிக்கினு இருக்குது, நீ இல்லன்றியா? அடுத்த மாசம் என் பொண்ணு மஞ்சள் நீராட்டுக்கு நீ வர வேணாம், போ!"

புரளி பந்திக்குப் பந்தி பரவிவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்த ராதிகா பட்டுப்புடவைக்கு மேல் ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டாள். ஒரு பெரியவர் தாம்பாளத்தை இடுப்புக்கு நேராகப் பிடித்தபடியே நடமாடினார். புடவையைச் சரிசெய்கிறோம் என்று நாலைந்து பேர் மணமகள் அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

பாவம், கலையரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. பேர் கெட்டுப்போனால் இனி எந்த விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள்? நேராகப் பெண்ணின் அப்பா செல்லமுத்துவிடம் ஓடினான்.

"மாமா, நான் மூட்ட கட்டிக்கினு கெளம்பிடறேன்."

"இன்னாத்துக்குப்பா? எல்லாரும் வெளிய போறப்ப வாசல்ல நின்னு ஒருத்தர் வுடாம எடு!" என்றார் செல்லமுத்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று கலையரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சற்று நேரத்தில் அவரே வந்து அவனை மணமகள் அறைக்கு இழுத்துப் போனார். முகமெல்லாம் சிரிப்பு.

"கோவிச்சுக்காதப்பா. அந்தப் புரளியக் கெளப்புனதே நான்தான். பொண்ணோட செயினக் காணல. வந்த சொந்தக்காரங்கள மடிய அவுத்துக் காட்டச் சொல்ல முடியுமா? இப்ப பாரு, தானா வந்துருச்சி."

சீர்வரிசைத் தட்டில் செயின் மின்னியது. பக்கத்தில் யாருமே தேடாத மூன்று எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு காமாட்சி விளக்கு. அதற்கும் அடியில் கலையரசனின் லைட்!

"உன் பேரு கெடக் கூடாது. இப்பவே மைக்குல உண்மைய சொல்லிடறேன்," என்று கிளம்பினார் செல்லமுத்து.

கலையரசன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் பொறுங்க மாமா! என் சார்ஜர் இன்னும் வரல."