தட்டுவதற்கு ஒரு கதவு

ரோடெல் கதவைத் தட்டினான்.

“யாரு?” உள்ளேயிருந்து மரிவிக் கேட்டாள்.

“நான்தான்டி, உன் புருஷன்.”

“அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. போய்யா!”

எதிர்வீட்டுக் கோரிங் அக்கா எட்டிப் பார்த்தாள். “குடிவந்த முதல் நாளே சண்டையா? குடிச்சிட்டு வந்தியா தம்பி?”

“ஐயோ, இல்லக்கா!” ரோடெல் சிரித்தான். “ஆறு வருஷமா மணிலா நகரத் தெருவுல தள்ளுவண்டியிலதான் குடும்பமே நடத்தினோம். தட்டறதுக்குக் கதவு ஏது? அதான், காலையிலேருந்து என்னை வெளியே அனுப்பி அனுப்பித் தட்டச் சொல்றா. இது ஏழாவது தடவை.”

கோரிங் அக்கா தன் வீட்டுக்குள் போனாள். ஒரு கிண்ணம் நிறைய நூடுல்ஸோடு திரும்பி வந்து, அவனை ஒதுக்கிவிட்டுத் தானே கதவைத் தட்டினாள்.

“யாரு?”

“எதிர்வீட்டுக்காரிடி!”

மரிவிக் ஓடிவந்து திறந்தாள்.

“உள்ளே வாங்கக்கா” என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.