ஒட்டுப்போட்ட பறவை

புல்வெளி ஓரத்தில் ஐந்து பேர் குளிரில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். குளிர்காலத்துக்கு வந்திறங்கும் வேட்டைப் பறவைகளை இனம் காணப் பழகும் கூட்டம். கழுத்தில் தொலைநோக்கி, கையில் துண்டுச்சீட்டு. பெயரை வாய் திறந்து சொல்லக்கூடாது, எழுதித்தான் காட்ட வேண்டும் என்பது கூட்டத்தை நடத்தும் பல் டாக்டர் போட்ட சட்டம். ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர் கண்ணுக்கும் அதுவே தெரிந்துவிடுமாம். தையல்காரர், பாவம், ஆறு வாரமாக எதைக் கண்டாலும் ‘பருந்து’ என்றே எழுதி மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறார். “மாப்பிள்ளை, இன்னைக்கும் கோட்டை விட்டீங்கன்னா அடுத்த வாரம் வீட்டுலயே இருந்துக்குங்க” என்கிறார் அவரைக் கூட்டிவந்த மச்சான். இதோ, புல்நுனியை உரசுகிற மாதிரி, சிறகை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழுப்பாய் ஒன்று மிதந்து வருகிறது. தையல்காரரின் மூக்குக்கண்ணாடியில் மூச்சு படிந்து பாதி மங்கல். அது திரும்பும்போது மட்டும் வாலடியில் பளிச்சென்று ஒரு வெள்ளை. பென்சில்கள் ஓடுகின்றன, சீட்டுகள் விரிகின்றன. மூன்று சீட்டில் பருந்து, டாக்டர் சீட்டில் கழுகு, தையல்காரர் சீட்டில் பூனைப்பருந்து. புத்தகத்தைப் புரட்டி, பூனைப்பருந்துப் படத்தில் அதே வெள்ளையைப் பார்த்த டாக்டர், தன் சீட்டை மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளுகிறார். “எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” “உட்கார்ற இடத்துல வேற துணியில ஒட்டுப்போட்டிருந்துச்சு, டாக்டர். ஒட்டு என் கண்ணுக்குத் தப்புமா?” மச்சான் இருமுகிறார். அதற்குள் தூரத்து மரத்துக்கு மேலே இன்னொரு புள்ளி எழும்புகிறது. நாலு பேரும் வானத்தை விட்டுவிட்டுத் தையல்காரரின் முகத்தையே பார்க்கிறார்கள். அவர் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இருந்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்.