நான்காவது பிடி

அது மூன்றாவது பிடியா நான்காவதா என்று அவளால் இப்போது திட்டமாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது என்றால் முள் வைத்தது. நான்காவது என்றால் தலை தட்டையாக, காளான் போல இருந்தது. கடைக்குப் போன கிழமையும் மறந்துவிட்டது. மழை பெய்ததாக நினைப்பு. குடை கொண்டுபோனதாக நினைப்பில்லை.

நான்காவது என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது.

ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்களுக்குச் சாமான் விற்கும் கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவள் கணவரின் ரிமோட் கண்ணாடிப் பெட்டியின் மேல் கிடந்தது. அதன் இரண்டு ஸ்டிக்குகளிலிருந்தும் பழைய பிடிகளைக் கடைக்காரர் கழற்றி வைத்திருந்தார். மொட்டைக் குச்சிகளாக நின்றன.

புற்றுநோய்க்கு ஆறு முறை மருந்து ஏற்றியதில் அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். கால் செருப்பு கழன்றாலும் நாலடி நடந்த பிறகுதான் தெரியும்.

“நான் ராவின பொய்ப்பல்லெல்லாம் ஒண்ணா சேர்ந்து பழி வாங்குதுப்பா,” என்றார் கடைக்காரரிடம். பல் செட் செய்வது அவருடைய தொழில்.

“பல்லுன்னா கடிக்கத்தானேண்ணே செய்யும்?”

“கடிச்சாலாவது தெரியுமே.”

கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி, அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவர் சொல்லியிருந்தார். ஒரு பிடியும் சரிப்படவில்லை என்றால் ரிமோட்டைக் கடையிலேயே கொடுத்துவிடுவது. விமானத்தைக் கேப்டனுக்குக் கொடுத்துவிடுவது. கேப்டன் என்பது பட்டப்பெயர். பஸ் டிப்போவில் மெக்கானிக். மைதானத்தில் அவருடன் விமானம் விடுகிறவர்.

சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த வருடத்தில் பட்டறையை விட்டார், ஸ்கூட்டரை விட்டார், படுத்துக்கொண்டு பேப்பர் படிப்பதைக்கூட விட்டார். ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் எதற்காகப் படுக்கையை விட்டு எழுந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் பிடி வழுக்கியது. இரண்டாவது ரப்பர். “ஈர சோப்பு மாதிரி இருக்கு,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விமானம் ஓட்டுகிறவர்கள் ஸ்டிக்கைக் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு கணம் கண்ணை எடுத்தாலும் விமானம் வருகிறதா போகிறதா என்று பிடிபடாமல் போய்விடும். அதனால் பிடியைச் சோதிப்பதும் நிமிர்ந்த தலையோடுதான். கூரையில் நூல் கட்டித் தொங்கவிட்ட மஞ்சள் விமானம் ஒன்று அந்தக் கடையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விரல்களை அசைக்க வேண்டும்.

கடைக்காரர் நான்காவதைத் திருகி, உயரம் வைத்து, கணவரின் கையில் கொடுத்தார். அவர் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளினாற்போலப் பிடித்தார். நிமிர்ந்தார்.

கிளப்பினார். இடப்பக்கம் சாய்த்துத் திருப்பினார். காற்றடிக்கிற நாளில் குவிவது போல உதடு குவிந்தது. அந்த முகத்தை அவள் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பிறகு கையைப் பார்த்தாள்.

இடது கை சரியாக இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒன்றுமில்லை. ஸ்டிக் ஒரு விரற்கடை தள்ளி, ஸ்பிரிங் நிறுத்திய இடத்தில் நேராக நின்றது. விரல்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நிதானமாக, விமானத்தைத் தரையிறக்கிக்கொண்டிருந்தன.

கடைக்காரரும் பார்த்துவிட்டார். திருகாணி டப்பாவில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

“எப்படிம்மா இருக்கு?” என்று கணவர் கேட்டார், மேலே பார்த்தபடியே.

அதை அவள் அல்லவா அவரிடம் கேட்டிருக்க வேண்டும்? அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

“கச்சிதமா இருக்குங்க. இதையே வாங்கிடுங்க.”

“சரி, இதுதான்,” என்றார். “சொன்ன பேச்சு கேக்குது.”

அன்று மாலையே அவள் கேப்டனுக்குப் போன் செய்தாள். அவர் வந்து, ரெக்கையை ஒட்டித் தருகிறேன் என்று சாக்குச் சொல்லி விமானத்தை எடுத்துப்போய்த் தன் ரிமோட்டோடு இணைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் முன்னால் நின்று விரல்களை அசைத்தார். கேப்டன் பத்தடி பின்னால் நின்று ஓட்டினார். அவருடைய தோள் சாய்கிற பக்கமெல்லாம் விமானத்தைச் சாய்த்தார். பதினொரு நிமிடம். பூப்போல இறங்கியது. மைதானத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். 

“கேப்டன் எப்பவும் வலது சக்கரத்தைத்தான் முதல்ல வைப்பான். எத்தனையோ தடவை சொல்லிட்டேன், திருந்தவே மாட்டேங்கறான்.”

அவள் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடையிலயே தெரியும்மா,” என்றார் பிறகு. “விரலுக்குத்தான் தெரியாது. ஸ்பிரிங் இழுக்கறது மணிக்கட்டுக்குத் தெரியும். அன்னிக்கு இழுக்கல.”

இரண்டு நிறுத்தம் போன பிறகு சொன்னார்: “உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன். நீ கச்சிதமா இருக்குன்னே. அதான் வாங்கினேன்.”

அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். அதற்கடுத்ததும். அவர் முன்னால், கேப்டன் பத்தடி பின்னால்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கு முன் அவர் இறந்துபோனார். கேப்டன் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். விமானம் அவரிடம் இருக்கிறது. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.