நம்பிக்கையான ஆள்

சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அந்த எலக்ட்ரீஷியனை யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பட்டுச் சட்டை போட்டு வந்தாலும் பையிலிருந்து அது எட்டிப் பார்க்கும். அதனால் அவருக்குப் பெயரே 'டெஸ்டர்' என்று ஆகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தமான மனிதர். ஆனாலும் பத்து நாளாக முகத்தில் களையே இல்லை. ஒரு வீட்டில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோது மோதிரம் ஒன்றைக் காணோம் என்று அவர் பாக்கெட், பை எல்லாவற்றையும் உதறிக் காட்டச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மோதிரம் சோப்பு டப்பாவுக்குள் கிடைத்தது. காணாமல் போனதைத் தெருத் தெருவாகச் சொன்னவர்களுக்குக் கிடைத்ததைச் சொல்ல மட்டும் நேரமில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 'நல்ல மனுஷன்' என்று ஒரு வீடாவது வாய்விட்டுச் சொல்லாதா என்று ஏங்கிப் போயிருந்தார் டெஸ்டர்.

அப்போதுதான் பேங்கில் வேலை பார்க்கும் சார் ஒருவர், பின்வாசலில் ஆள் நடமாடினால் தானாக எரிகிற சென்சார் லைட் மாட்ட வேண்டும் என்று கூப்பிட்டார். வரச் சொன்னது ஐந்து மணிக்கு. இருந்த ஆவலில் டெஸ்டர் மூன்றரைக்கே போய் மணியை அடித்துவிட்டார்.

மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் கதவு பாதி திறந்தது. உள்ளே ஒரு பெண்மணி. தோளில் பெரிய பை, முகமெல்லாம் வியர்வை.

"யாரு?"

"எலக்ட்ரீஷியன்ம்மா. சார் அஞ்சு மணிக்குத்தான் வர்றேன்னார். நான்தான் முந்திக்கிட்டேன். வேணும்னா சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்! அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? வந்து சீக்கிரம் முடிங்க."

டெஸ்டர் மெயினை அணைத்துவிட்டு, பின்வாசலில் ஸ்டூல் போட்டு ஏறினார். பழைய பல்பு ஹோல்டரைக் கழற்றி, அந்த வயரிலேயே புது லைட்டை இணைத்தார். கை பாட்டுக்கு வேலை செய்தாலும் மனம் மட்டும் குறுகுறுத்தது. அந்த அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. டெஸ்டர் திரும்பும்போதெல்லாம் பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். மோதிரக் கதை இங்கேயும் வந்துவிட்டது என்று டெஸ்டருக்குச் சுருக்கென்றது.

மெயினைப் போட்டுவிட்டு வந்து, "இந்த லைட்டோட ஸ்விட்ச்சைப் போடுங்கம்மா!" என்று குரல் கொடுத்தார்.

சமையலறையில் ஃபேன் சுற்றியது. அடுத்து குளியலறை விளக்கு எரிந்தது. அதற்கடுத்து எங்கோ மோட்டார் உறுமியது.

டெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்கம்மா. எங்க வீட்லயே எந்த ஸ்விட்ச் எதுக்குன்னு எனக்குத் தெரியாது. என் சம்சாரத்தைத்தான் கேப்பேன்."

ஒரு வழியாகச் சரியான ஸ்விட்ச் அகப்பட்டது. "இப்ப இந்தப் பக்கமா நடந்து பாருங்க."

அந்த அம்மா இரண்டடி வைத்தார். பளிச்சென்று லைட் எரிய, பையோடு அப்படியே சிலையாக நின்றுவிட்டார்.

"பார்த்தீங்களா! திருடன் வந்தாலும் இப்படித்தான் வெலவெலத்துப் போவான்" என்றார் டெஸ்டர் பெருமையாக. "ஆனா ஸ்விட்ச் எப்பவும் போட்டபடியே இருக்கணும். பழக்க தோஷத்துல அணைச்சிட்டீங்கன்னா அவ்வளவுதான், யானையே வந்தாலும் எரியாது."

யாரும் கை வைக்காதபடி ஸ்விட்ச்சின் மேல் டேப்பையும் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் மனிதருக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, அந்த மோதிரக் கதையைக் கேட்டுட்டுத்தானே பையை இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அது அன்னைக்கே சோப்பு டப்பாவுல கிடைச்சிருச்சும்மா. நான் அடுத்தவங்க பொருளைக் கண்ணால கூடப் பார்க்க மாட்டேன்."

அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"ஆளைப் பார்த்தாலே தெரியாதா? உங்களை மாதிரி நம்பிக்கையான ஆளு கிடைக்கிறதே கஷ்டம். இந்தாங்க, இதை டாக்ஸி வரைக்கும் கொண்டாந்து வைங்க. எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டிருக்கேன்."

டெஸ்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பை கல்லாகக் கனத்தது. குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்தார்.

"சார்கிட்ட என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"நான் சொல்லவே வேண்டாம். நீங்க செஞ்ச உதவி அவருக்குத் தானா தெரிஞ்சிரும்."

ஐந்து மணி வரை வாசற்படியிலேயே காத்திருந்தார் டெஸ்டர். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு வந்த சாரைப் பார்த்ததும் மடை திறந்தது.

"வேலை முடிஞ்சிருச்சு சார், லைட் பிரமாதமா எரியுது! என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னா நம்பாதீங்க. அவ்வளவு கனமான பையையே நம்பி என் கையில கொடுத்தாங்க. சந்தேகமா இருந்தா உங்க வீட்டம்மாவையே கேட்டுப் பாருங்க."

கதவில் சாவியை நுழைத்த சார் மெதுவாகத் திரும்பினார்.

"வீட்டம்மாவா? நான் ஒண்டிக்கட்டையாச்சேண்ணே!"